டின் கட்டரும் கார்போரண்டம் தூளும்: கண்ணாடியை வட்டமாக வெட்டி எடுப்பது எப்படி

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று நம்ம இலங்கை மலையகப் பக்கத்து எந்த டவுன் ஹாட்வெயார் கடையில் போய் கண்ணாடி துளைக்கிற டயமண்ட் கட்டர் கேட்டாலும், குழாய்க்காக டைல் துளைக்கிற சின்ன அளவுகள்தான் பெரும்பாலும் கிடைக்கும். மூன்று அங்குலம், நாலரை அங்குலம், ஆறு அங்குலம் என்று போனால் கொழும்புக்குச் சொல்லி எடுப்பிக்க வேண்டும், விலையும் கையைக் கடிக்கும். அதற்காக வேலையைக் கைவிட வேண்டியதில்லை. ஒரு பழைய டின், ஒரு துண்டு இரும்புத் தகடு, ஒரு போல்ட், கொஞ்சம் கார்போரண்டம் தூள், தண்ணீர், இவ்வளவும் இருந்தால் 3 மி.மீ. ஜன்னல் கண்ணாடியில் இருந்து 19 மி.மீ. தடிப்புள்ள பாளம் வரைக்கும் வட்டம் எடுக்கலாம். என்ன விட்டத்தில் எடுக்கலாம் என்பதைக் கடைக்காரர் வைத்திருக்கிற கட்டர் தீர்மானிக்காது, நீங்கள் தேடிப் பிடிக்கிற டின்தான் தீர்மானிக்கும். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அதுதான்.

சுவர் மணிக்கூட்டுக் கண்ணாடி, டோர்ச் கண்ணாடி, கடைத் தராசின் டயல் கண்ணாடி எல்லாவற்றுக்கும் இது உதவும். ஆனால் நான் இதை முக்கியமாக எழுதுவது தொலைநோக்கி செய்ய ஆசைப்படுகிற பிள்ளைகளுக்காக. தொலைநோக்கியின் குழிவாடியை (ஒளியைக் குவிக்கிற குழிந்த ஆடியை) தேய்க்க ஒரே அளவில் இரண்டு வட்டங்கள் வேண்டும், ஒன்று ஆடியாகும், மற்றது அதைத் தேய்க்கிற அடிக்கண்ணாடி. வெட்டிய வட்டம் வாங்கப் போனால் அங்கேயே பாதிப் பேரின் ஆசை முடிந்துவிடுகிறது. நாம் இருப்பது வடக்கே 7 பாகை அளவில், தென்சிலுவை மலைக்கு மேலே முழுதாக ஏறி வரும் இடம், மழை குறைந்த மாதங்களில் தோட்டத்து இரவு நல்ல இருட்டு. இப்படிப்பட்ட இடத்தில் கண்ணாடி கிடைக்கவில்லை என்று ஒரு பிள்ளை தொலைநோக்கி செய்யாமல் விடக் கூடாது.

முதலில் ஒன்று. எல்லா வட்டத்துக்கும் இந்த முறை வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டத்து மடுவத்தில் கொழுந்து நிறுக்கிற பெரிய வட்டத் தராசின் கண்ணாடி உடைந்தால், அது மெல்லிய கண்ணாடி, அகலமும் அதிகம், நடுவில் ரப்பர் ஒட்டிச் சுழலும் கை உள்ள சாதாரண கண்ணாடி வெட்டுக் கருவியால் கீறி, சுற்றிவர நேர்க்கீறல்கள் போட்டு உடைத்து எடுப்பதே சுலபம். (அந்தக் கண்ணாடியை மாற்றுவதைத் தள்ளிப் போடாதீர்கள். மூடுபனியும் மழையும் உள்ளே போய் முள் துருப்பிடித்தால் கொழுந்து எடுத்தவரின் கிலோவில்தான் கை வைக்கும். மாற்றும்போது முத்திரையையும் முள்ளையும் தொடாமல் கண்ணாடியை மட்டும் மாற்றுங்கள்.) மூன்று அங்குலம் வரையான சின்ன வட்டமும், 6 மி.மீ.க்கு மேற்பட்ட தடிப்புக் கண்ணாடியும்தான் கீறி உடைக்கச் சுலபத்தில் வராதவை. இனி சொல்வதெல்லாம் அவற்றுக்கு.

இந்த வேலையில் மனதில் ஏற்ற வேண்டியது ஒன்றே ஒன்று: கண்ணாடியை வெட்டுவது தூள், டின் அந்தத் தூளைச் சுமந்து சுற்றுகிறது. டின் தகரம் கண்ணாடியை விட மென்மையானது, வெறுமனே சுற்றினால் கோடு கூட விழாது. விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு தூள் மணி மாட்டி உருளும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு சில்லு கண்ணாடியில் இருந்து பெயர்கிறது, சில மணிகள் மென்மையான தகர விளிம்பிலேயே பதிந்து நின்று சுரண்டுகின்றன, இப்படி ஆயிரக்கணக்கான மணிகள் சேர்ந்துதான் காடி (டின் ஓரம் தோண்டுகிற வட்டப் பள்ளம்) இறங்குகிறது. நீங்கள் அழுத்தினால் என்ன ஆகும்? மணிகள் வெளியே தள்ளப்பட்டு, தகரம் நேரே கண்ணாடியில் உரசும், சூடு ஏறும், ஓரம் பெயரும், சில நேரம் பாளமே விரிசல் விடும். ஆகவே உங்கள் வேலை அழுத்துவது இல்லை. தூளை விளிம்புக்குக் கீழே ஓயாமல் கொண்டு போய்ச் சேர்ப்பதுதான் வேலை. கீழே சொல்கிற டின் வெட்டுகள், மெதுவான வேகம், அடிக்கடி தூக்குவது எல்லாமே அதற்காகத்தான்.

தூள் விஷயத்துக்கு வருவோம். கார்போரண்டம் என்று நாம் சொல்வது சிலிக்கன் காபைட். 1890களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சன் மின் உலையில் செய்து அந்தப் பெயரை வைத்தார். மோஸ் கடினத்தன்மை அளவில் கண்ணாடி ஐந்தரை, ஆற்று மணலில் உள்ள படிகக்கல் 7, சிலிக்கன் காபைட் 9க்கும் மேல். மணலாலும் வெட்டலாம், பழைய எகிப்தில் செப்புக் குழாயும் மணலும் வைத்தே கருங்கல்லில் துளை போட்டிருக்கிறார்கள், ஆனால் மணல் மணி சீக்கிரம் நொறுங்கி மாவாகிவிடும், நாள் கணக்கில் உட்கார வேண்டும். தூளுக்கு இரத்தினபுரிப் பக்கம் கல் பட்டை தீட்டுபவர்களுக்குச் சாமான் விற்கிற கடைகளில் கேட்டுப் பாருங்கள். அது கிடைக்காவிட்டால் வாகன உதிரிப்பாகக் கடையில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் இருக்கும், அதிலும் இதே வகைத் தூள்தான், கிரீஸோடு குழைத்தது, மண்ணெண்ணெயில் கரைத்துப் பயன்படுத்தலாம், சின்ன வட்டத்துக்குப் போதும், பெரிய பாளத்துக்குக் கட்டுபடியாகாது. மூன்றாவது வழி, லேத் பட்டறையில் தேய்ந்து ஒதுக்கிய பச்சை நிறச் சாணைச் சக்கரம். அதை ஈரமாகவே இரும்பு உரலில் இடித்துச் சலித்தால் நல்ல தூள் வரும். காய்ந்தபடி இடிக்காதீர்கள், அந்தப் புழுதி நுரையீரலுக்குப் போகக் கூடாது.

தூளுக்கு நம்பர் உண்டு. தேயிலை ஃபேக்டரியில் சல்லடைக்கு மெஷ் நம்பர் சொல்கிற அதே கணக்குத்தான், ஓர் அங்குலத்தில் எத்தனை கண் என்பது, நம்பர் ஏற ஏறத் தூள் நைசாகும். 80 நம்பர் மணி ஏறக்குறைய 0.2 மி.மீ., 120 நம்பர் 0.1 மி.மீ., 220 நம்பர் அதிலும் ஏறக்குறையப் பாதி. தடிப்புக் கண்ணாடிக்கு 80 எடுங்கள். 3 முதல் 6 மி.மீ. வரையான கண்ணாடிக்கு 120 போதும், ஓரம் அவ்வளவாகப் பெயராது. 60 நம்பர் வேகமாக இறங்கும்தான், ஆனால் விளிம்பில் பெரிய பெரிய பல்லாகப் பெயர்த்துவிடும், எனக்கு அது பிடிப்பதில்லை.

கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாறக் கூடாது. டெம்பர் பண்ணிய (சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து உறுதியாக்கிய) கண்ணாடியை எந்த முறையாலும் வெட்ட முடியாது, காடி கொஞ்சம் இறங்கியதும் முழுப் பாளமும் ஒரே சத்தத்தில் சோளப்பொரி அளவு துண்டுகளாகச் சிதறிவிடும். கேஸ் அடுப்பின் கண்ணாடி மேல்தட்டு, ஃபிரிஜ் தட்டு, வாகனப் பக்கக் கண்ணாடி, கடை வாசலின் கண்ணாடிக் கதவு எல்லாம் பெரும்பாலும் டெம்பர் பண்ணியவை. வாகனத்தின் முன் கண்ணாடி இரண்டு தாள் ஒட்டியது, அதுவும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் மூலையில் டெம்பர் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு நல்ல சோதனை, வெள்ளைத் திரை போட்ட எல்சிடி கம்ப்யூட்டர் முன்னால் கண்ணாடியைப் பிடித்து, போலரைஸ்ட் வெயில் கண்ணாடி போட்டுக்கொண்டு தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள், டெம்பர் பண்ணியதில் புள்ளி புள்ளியாகவோ பட்டை பட்டையாகவோ நிழல் தெரியும், சாதாரண கண்ணாடி ஒரே சீராக இருக்கும். நல்ல கண்ணாடி எங்கே கிடைக்கும் என்றால், பழைய ஜன்னல் லூவர், பழைய மேசைக் கண்ணாடி, பழைய கடை ஷோகேஸ். தொலைநோக்கிக்குத் தடிப்பு வேண்டும் என்றால் கண்ணாடிக் கடையில் நேரே கேளுங்கள்: “முதலாளி, டெம்பர் பண்ணாத பன்னிரண்டு மில்லி, பத்தொன்பது மில்லியில வெட்டி விழுந்த துண்டு இருக்கா?” தடிப்பைச் சொல்லிக் கேட்டால்தான் உள்ளே போய்த் தேடுவார்கள். நாலரை அங்குல ஆடிக்கு 19 மி.மீ. அருமையாகப் பொருந்தும், விட்டத்தில் ஆறில் ஒரு பங்கு தடிப்பு என்பது பழைய கணக்கு. ஆறு அங்குலத்துக்கும் 19 மி.மீ. போதும், பின்னால் தாங்கலை ஒழுங்காகக் கொடுத்தால் சரி.

இனி கட்டர். சின்ன வட்டத்துக்கு டின்னே போதும். டின்மீன் டின் ஏறக்குறைய மூன்று அங்குலம் வரும், பால்மா டின் அதை விடப் பெரிது, உங்களுக்கு வேண்டிய வட்டத்தை விட உள்விட்டம் ஒரு மி.மீ. கூடுதலாக உள்ள டின்னைத் தேடுங்கள், தூள் டின்னின் உள்பக்கமும் கொஞ்சம் தின்னும். பக்கத்தில் வரி வரியாக மேடு பள்ளம் உள்ள டின் வேண்டாம், அந்த மேடு காடிக்குள் மாட்டும். டின்னின் வாயில் மடித்த விளிம்பு இருக்கும், அதை ஹெக்ஸோ பிளேட்டால் சுற்றி அறுத்து எடுத்துவிட்டு, அறுத்த ஓரத்தை அரத்தால் சமப்படுத்துங்கள். ஒரு சமதளக் கண்ணாடி மேல் டின்னைக் கவிழ்த்து வைத்தால் ஆடாமல் நிற்க வேண்டும். அப்புறம் அந்த ஓரத்தில் சம இடைவெளியில் நாலு வெட்டு, ஒவ்வொன்றும் 8 அல்லது 10 மி.மீ. உயரம், 2 மி.மீ. அகலம், நேராக இல்லாமல் சுற்றுகிற திசைக்குக் கொஞ்சம் சாய்வாகப் போடுங்கள். இந்த வெட்டுகள் கடிக்கிற பற்கள் என்று நினைத்து யாரும் கூராக்க வேண்டாம், தூளும் தண்ணீரும் உள்ளே வெளியே போய்வர வைத்த வாசல்தான் இவை. டின்னின் அடித்தட்டில் விரல் போகிற அளவு இரண்டு துளை போடுங்கள், தண்ணீர் விடவும் காற்று வெளியேறவும்.

டின்னை ட்ரில்லின் சக்கில் பிடிக்க, அதற்குள் இறுக்கமாகப் போகிற ஒரு பலகை வட்டத்தை அடித்தட்டோடு சேர்த்து நாலு ஸ்குரூ போட்டு, நடுவில் 10 மி.மீ. போல்ட், இரண்டு பக்கமும் வாஷரும் நட்டும். தட்டில் போட்ட அந்த இரண்டு துளைகளுக்கு நேரே பலகையிலும் துளை வேண்டும். நடு பிசகக் கூடாது. ட்ரில்லில் மாட்டி, கையால் மெல்லச் சுற்றி, டின்னின் ஓரத்துக்கு ஒரு பென்சிலை அசையாமல் பிடியுங்கள், ஒரு பக்கம் மட்டும் கோடு விழுந்தால் அந்தப் பக்கம் வெளியே தள்ளி நிற்கிறது என்று அர்த்தம், நட்டைத் தளர்த்தி மெதுவாகத் தட்டிச் சரி செய்து திரும்பப் பாருங்கள். இதில் செலவழிக்கிற கால் மணி நேரம் வீண் போகாது. டின் ஒரு மி.மீ. ஆடினால் காடி ஒரு மி.மீ. அகலமாகும், அவ்வளவு கண்ணாடியையும் நீங்கள்தான் தேய்த்துத் தள்ள வேண்டும்.

மெல்லிய டின்னில் ஒரு லாபம் இருக்கிறது. தகரம் 0.3 மி.மீ. தடிப்பு என்றால் காடி முக்கால் மி.மீ. அளவுதான், மூன்று அங்குல வட்டத்தை 6 மி.மீ. கண்ணாடியில் வெட்ட மொத்தமே 3 கிராம் கண்ணாடியைத் தேய்த்தால் போதும். ஒன்றரை மி.மீ. சுவர் உள்ள குழாயால் அதையே வெட்டினால் 7 கிராமுக்கு மேல். ஆனால் மெல்லிய தகரம் ஆழமான காடியில் வளைந்துவிடும், ஆகவே 6 மி.மீ.க்கு மேல் டின்னை நம்ப வேண்டாம்.

தடிப்புப் பாளத்துக்குத் தகட்டுப் பட்டைதான். ஆறு அங்குல வட்டத்துக்கு நான் சொல்கிற கணக்கு இது: நல்ல பிளைவுட்டில் 154 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்டத்தை லேத்தில் கொடுத்துக் கடைந்து எடுங்கள். ஒன்றரை மி.மீ. தகட்டில் 60 மி.மீ. அகலம், 480 மி.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி அதைச் சுற்றி வளைத்து, மேலே 20 மி.மீ. பலகையைப் பிடிக்கிற மாதிரி ஸ்குரூ போடுங்கள். இரண்டு முனையும் முட்டாது, 8 மி.மீ. அளவு இடைவெளி நிற்கும், அது அப்படியே நிற்கட்டும், அதுவே முதல் வாசல். மற்ற மூன்று கால்பங்கிலும் ஹெக்ஸோவால் ஒவ்வொரு வெட்டு. டின்னுக்குச் சொன்ன இரண்டு துளையும் இந்தப் பலகைக்கும் உண்டு. முனைகளை வெல்டிங் பண்ணலாமா என்று கேட்பார்கள், தேவையில்லை, வெல்டிங் சூட்டில் பட்டை கோணிக்கொள்ளும். பட்டையை வளைக்கிற வேலையைப் பட்டறையில் கொடுத்தால், “பாஸ், வெட்டின ஓரம்தான் முக்கியம், கீழ வச்சா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி முட்டணும்” என்று சொல்லிக் கொடுங்கள், இல்லாவிட்டால் அவர் வெளிப்பார்வைக்கு அழகாகச் செய்து தருவார், ஓரம் அலை அலையாக இருக்கும்.

வேகம் பற்றிப் பலரும் தலைகீழாக நினைக்கிறார்கள், வேகமாகச் சுற்றினால் சீக்கிரம் முடியும் என்று. வேகம் கூடினால் தூளும் தண்ணீரும் சுவரில்தான் இருக்கும், காடியில் இருக்காது. விளிம்பு நொடிக்கு அரை மீட்டர் அளவு ஓடினால் நன்றாக வெட்டும், ஒரு மீட்டரைத் தாண்ட வேண்டாம். கணக்குப் பார்த்தால் மூன்று அங்குலத்துக்கு நிமிடத்துக்கு 120 சுற்று, ஆறு அங்குலத்துக்கு 60 சுற்று. சாதாரண பெஞ்ச் ட்ரில்லின் மிகக் குறைந்த வேகமே இதைப் பல மடங்கு தாண்டும். சின்ன வட்டத்துக்கு வேகத்தை விரலால் கூட்டிக் குறைக்கிற ட்ரில்லை ஸ்டாண்டில் மாட்டி மிக மெதுவாக ஓட்டலாம். பெரிய வட்டத்துக்குப் பழைய வாஷிங் மெசின் மோட்டார் ஒன்று பிடித்து, நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடுகிறது என்றால், 2 அங்குலக் கப்பியில் இருந்து 10 அங்குலக் கப்பிக்கு ஒரு பெல்ட், அந்தத் தண்டில் இருந்து இன்னொரு 2க்கு 10 பெல்ட், இரண்டு படியில் 58 சுற்றுக்கு இறங்கிவிடும். மோட்டாரும் இல்லை, கரண்டும் போய்விட்டது என்றால் கையாலேயே சுற்றலாம், டின் மேல் ஒரு மரப்பிடி போட்டு, கண்ணாடி மேல் டின் அளவுக்குத் துளைத்த பலகை ஒன்றை வழிகாட்டியாகப் பதித்து, அரை வட்டம் முன்னே பின்னே என்று. மெல்லிய கண்ணாடி அப்படியே வெட்டுப்படும், பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

கண்ணாடியை நேரே பலகை மேல் வைத்து வெட்டாதீர்கள். காடி அடியைத் தொடுகிற நேரம் கடைசி ஒரு மி.மீ. தாங்காமல் உடைந்து, உங்கள் வட்டத்தின் அடி ஓரத்தில் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும். அதற்குக் கீழே பயனில்லாத ஒரு ஜன்னல் கண்ணாடித் துண்டை ஒட்டுங்கள். மெழுகுதிரியோடு கொஞ்சம் பைன் பிசின் சேர்த்து உருக்கினால் வெறும் மெழுகை விட நன்றாகப் பிடிக்கும், மலைச்சரிவில் பைன் மரங்களுக்கு நம்ம பக்கம் பஞ்சம் இல்லை. உருக்குவதைக் குறைந்த நெருப்பில், திறந்த சுவாலை தொடாமல் செய்யுங்கள், பிசின் சட்டென்று பற்றும்.

இங்கேதான் நம்ம குளிரைக் கணக்கில் எடுக்க வேண்டும். நுவரெலியாப் பக்கம் ஜனவரிக் காலையில் கண்ணாடியைத் தொட்டால் விரல் விறைக்கும், அதன் மேல் உருகிய மெழுகை ஊற்றினால் ஒட்டாமல் தோலாக உரிந்து வரும், தடிப்புப் பாளம் என்றால் வெப்ப அதிர்ச்சியில் விரிசல் விடவும் கூடும். இரண்டு கண்ணாடியையும் முதலில் அடுப்புப் பக்கத்தில் துணி போட்டு வைத்து, அரை மணி நேரம் எடுத்து, கை வைத்தால் உடனே எடுக்கத் தோன்றுகிற சூட்டுக்கு மெல்ல மெல்லக் கொண்டு வாருங்கள், பிறகு ஒட்டுங்கள், துணியால் மூடி ஆறவிடுங்கள். அவசரப்பட்டுத் தண்ணீர் தெளித்து ஆற்ற வேண்டாம். ஆறிய பிறகு மேல் கண்ணாடி வழியே பார்த்தால் மெழுகில் காற்றுக்குமிழ் எங்கே நிற்கிறது என்று தெரியும், காடி வரப் போகிற கோட்டில் பெரிய குமிழ் இருந்தால் திரும்பச் சூடாக்கி ஒட்டுங்கள்.

அப்புறம் காடிக்கு வெளியே ஓர் அங்குலம் தள்ளி, களிமண்ணாலோ கண்ணாடி பதிக்கிற புட்டிப் பசையாலோ இரண்டு செ.மீ. உயரத்துக்கு ஒரு வரம்பு கட்டுங்கள், தூளும் தண்ணீரும் ஓடாமல் நிற்க. முழுவதையும் ஒரு பேசினுக்குள் வைத்து, பேசினை ட்ரில் மேசையில் அசையாமல் பிடியுங்கள். கரண்ட் வயர் தண்ணீர் படாத பக்கம் இருக்கட்டும், ட்ரிப் சுவிட்ச் இல்லாத லைனில் இந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். கையுறை வேண்டாம், குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரின் கையை முழங்கைக்கு மேலே சுருட்டுங்கள், மப்ளரைக் கழற்றி வையுங்கள், நீள முடி என்றால் கட்டுங்கள், சுற்றுகிற சக்குக்கு நூலும் தெரியாது ஆளும் தெரியாது.

தூளைத் தண்ணீரில் குழைக்கும்போது தோசை மாவை விடக் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும், ஒரு சொட்டு சவர்க்காரத் தண்ணீர் சேர்த்தால் சீராகப் பரவும். அரைத் தேக்கரண்டியைக் காடி வரப் போகிற கோட்டில் தடவி, மெசினை ஓடவிட்டு, டின்னை மெல்ல இறக்குங்கள். முதல் சில நிமிடம் டின் வழுக்கப் பார்க்கும், பாரமே கொடுக்காமல் தொட்டும் தொடாமலும் விடுங்கள், ஒரு வெள்ளை வளையம் தெரிந்ததும் அது தன் பாதையைப் பிடித்துவிட்டது. அதன் பிறகு பிடியில் விரல் பாரம் போதும்.

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தூள் புதிதாக இருக்கும்போது கரகரவென்று உறுதியாக ஒரு சத்தம் வரும், அது கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, வழவழவென்று இழுபடுகிற சத்தமாக மாறும், அப்போது விளிம்புக்குக் கீழே நிற்பது மழுங்கிய தூளும் கண்ணாடி மாவும்தான். உடனே தூக்குங்கள். சத்தம் மாறும் வரை காத்திருக்காமல் பத்துப் பதினைந்து நொடிக்கு ஒரு தடவை டின்னை இரண்டு மி.மீ. தூக்கி இறக்கினால் இன்னும் நல்லது, தூக்கும்போது காடிக்குள் தண்ணீர் பாய்ந்து புதுத் தூளைக் கீழே இழுத்து வரும். ஆழம் கூடக் கூட இது இன்னும் முக்கியம், தடிப்புப் பாளத்தில் மெசின் ஓடாமல் நிற்கிறது என்று புலம்புகிற எல்லாரும் தூக்க மறந்தவர்கள்தான். நீரின் நிறத்தையும் பாருங்கள். தொடக்கத்தில் தூளின் கறுப்பு தெரியும், போகப் போகச் சாம்பல் நிறமாகி, கடைசியில் பால் கலந்த சாம்பலாக வெளுக்கும், அவ்வளவு கண்ணாடி கரைந்து வந்திருக்கிறது என்று அர்த்தம், அந்தக் கட்டத்தில் கரண்டியால் அள்ளி வாளியில் போட்டுவிட்டுப் புதுத் தூள் விடுங்கள்.

3 மி.மீ. கண்ணாடி சீக்கிரம் முடியும். 19 மி.மீ. பாளத்தில் ஆறு அங்குலம் என்றால் ஒரு முற்பகலை ஒதுக்கிக்கொள்ளுங்கள், தூளும் கால் கிலோவில் இருந்து அரைக் கிலோ வரை போகும். இடையில் டின் ஓரமும் தேயும், ஒரு பக்கம் அதிகம் தேய்ந்திருந்தால் அரத்தால் சமப்படுத்தி, வெட்டுகளை மீண்டும் ஆழமாக்குங்கள்.

அடியை நெருங்கும்போது பாரத்தை இன்னும் குறைத்து 120 நம்பர் தூளுக்கு மாறுங்கள். பாளத்தின் ஓரத்தில் இருந்து டோர்ச் அடித்தால் காடியின் அடி எவ்வளவு கீழே இருக்கிறது என்று பச்சை வெளிச்சத்தில் தெரியும். அடியில் ஒட்டிய ஜன்னல் கண்ணாடிக்குள் அரை மி.மீ. இறங்கும் வரை விடாமல் போங்கள். நடுவழியில் வட்டம் கழன்றுவிட்டது என்று தட்டிப் பார்க்கிற ஆசையை அடக்குங்கள். முழுவதையும் கழுவி, வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து மெல்ல மெல்லச் சூடான தண்ணீர் சேர்த்தால் மெழுகு இளகி வட்டம் தானாகப் பக்கவாட்டில் நழுவும், கத்தி விட்டு நெம்ப வேண்டாம். மெழுகை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

வட்டத்தை அளந்தால் மேல் விளிம்பு அடியை விடச் சொற்பம் சிறிதாக இருக்கும், மேல்பகுதி அதிக நேரம் தூளில் உரசியதால் வருவது அது. மணிக்கூட்டுக்கு அது பிரச்சினையே இல்லை. ஆடிக்கு அகலமான பக்கத்தை முகமாக வைத்துக்கொள்ளலாம். எதற்காக இருந்தாலும் விளிம்பை 220 நம்பர் சாணைக்கல்லால், தண்ணீரில் நனைத்தபடி, சுற்றிவர 45 பாகையில் தேய்த்து மழுக்குங்கள், மெல்லிய கண்ணாடிக்கு அரை மி.மீ., ஆடிக்கு 2 மி.மீ. அளவு. கல்லை எப்போதும் முகத்தில் இருந்து பக்கத்துக்குத் தள்ளுங்கள், முகத்தை நோக்கி இழுத்தால் பெயரும். மழுக்காத கண்ணாடி விளிம்பு கையை வெட்டுவது மட்டும் இல்லை, ஆடி தேய்க்கும்போது ஒரு சின்னச் சில்லு பெயர்ந்து நடுவில் மாட்டினால் முகம் முழுவதும் கீறல்.

வாளியில் சேர்ந்த சாம்பல் சேற்றைக் கானில் (வடிகாலில்) ஊற்ற வேண்டாம். லயத்துக் கான் தண்ணீர் ஓடையில் விழும், கீழே யாரோ அதில் துணி துவைப்பார்கள், குளிப்பார்கள். வாளியை ஓர் இரவு அசையாமல் வைத்து, மேலே தெளிந்த தண்ணீரை மெல்ல வடியுங்கள், பிறகு புதுத் தண்ணீர் விட்டுக் கலக்கி, இருபது எண்ணும் வரை பொறுத்து, கலங்கிய மேல் நீரை வேறு வாளிக்கு மாற்றுங்கள். கீழே தங்குவது இன்னும் வெட்டக் கூடிய கனமான மணிகள், காய வைத்து அடுத்த வட்டத்துக்கு எடுக்கலாம். மேல் நீரில் போனது கண்ணாடி மாவும் நைசாக நொறுங்கிய தூளும், அது படிந்ததும் கிடங்கு வெட்டிப் புதைத்துவிடுங்கள். மீண்டும் எடுத்த தூளைப் புதுத் தூளோடு கலக்காமல் வேறு போத்தலில் போட்டு ‘பழைய 80’ என்று எழுதி ஒட்டுங்கள். ஆடி தேய்க்கிற நைஸ் தூள் வைத்த இடத்துக்கு இந்தப் போத்தல், இந்த வாளி, இந்தத் துணி எதுவும் போகக் கூடாது, ஒரே ஒரு 80 நம்பர் மணி போதும், நாள் கணக்கில் மெருகிட்ட முகத்தில் கோடு போட.